ரிக்கர் வேலைக்குப் போகிறேன் என்கிறான் மகன்: பெற்றோருக்கு ஒரு பதில்

"கிரேனுக்குக் கீழே கயிறு கட்டும் வேலைக்கா இவனை இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் கேள்வியில் பயமும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. பயம் நியாயமானது. வருத்தப்பட மட்டும் எதுவும் இல்லை.

கிரேனை ஓட்டுபவர் ஆபரேட்டர். லோடு எவ்வளவு கனம், எங்கே பிடித்துத் தூக்குவது, எந்த ஸ்லிங் (லோடைக் கட்டித் தூக்கும் வயர் ரோப் அல்லது பெல்ட்), எந்த ஷாக்கிள் (ஸ்லிங்கை மாட்டும் இரும்பு வளையம்) போடுவது என்று பார்த்துக் கட்டிக்கொடுப்பவர் ரிக்கர். உடம்பில் தெம்பு வேண்டும்தான். ஆனால் இந்த வேலையில் தேறுவது கணக்கை வைத்துத்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1 டன் லோடை இரண்டு ஸ்லிங் போட்டுத் தூக்குகிறார்கள். இரண்டும் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ இழுவை. இரண்டும் ஒரே கொக்கியில் மாட்டி, கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் சாய்ந்திருந்தால் 577 கிலோ ஆகிறது. 45 டிகிரியில் 707. 30 டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொரு ஸ்லிங்கும் 1,000 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். லோடு கூடவில்லை; ஸ்லிங் நீளம் போதாததால் கோணம் படுத்துவிட்டது, அவ்வளவுதான். பள்ளியில் படித்த சைன், காஸ் எதற்கு என்று உங்கள் மகன் கேட்டிருந்தால், இங்கே விடை இருக்கிறது.

எடையும் அப்படித்தான். இரும்பு கன மீட்டருக்கு சுமார் 7,850 கிலோ. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு என்றால் 314 கிலோ என்று ரிக்கர் நின்ற இடத்திலேயே சொல்ல வேண்டும். அப்புறம் ஈர்ப்பு மையம். ஒரு பக்கம் மோட்டார் பொருத்திய பம்பை நடுவில் பிடித்துத் தூக்கினால் மோட்டார் பக்கம் சாயும். கொக்கி அந்த மையத்துக்கு நேர் மேலே வர வேண்டும். அதனால்தான் நல்ல ரிக்கர் லோடைத் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் எழுப்பி, நிறுத்தி, சாய்வு பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றச் சொல்வார்.

கம்பி அறுந்த, முறுக்கு விழுந்த வயர் ரோப், தாங்குதிறன் லேபிள் இல்லாத பெல்ட், குறுக்கு ஆணி வளைந்த ஷாக்கிள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைப்பதும் அவர் பொறுப்பு. கூர்மையான விளிம்பில் பெல்ட் படுகிற இடத்தில் தடுப்பு வைக்க மறந்தால் லோடே அதை அறுத்துவிடும்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லோடு விழலாம், ஸ்லிங் இறுகும்போது விரல் நசுங்கலாம், உயரத்தில் வேலை, வெயில், வீட்டை விட்டுத் தூரத்தில் தங்கல் எல்லாம் உண்டு. ஆனால் அவசரம்தான் பெரிய எதிரி. "சீக்கிரம் தூக்கு" என்று மேலதிகாரி கத்தும்போது, "காற்று அதிகம், இப்போது வேண்டாம்" என்று சொல்கிற தைரியம் இவனுக்கு இருக்கிறதா? இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் விதி. வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளை, ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்க்கச் சலிக்கிற பிள்ளை என்றால் வேறு தொழில் யோசிக்கலாம்.

ஹெல்பராகச் சேர்ந்து, ரிக்கர், ஆபரேட்டருக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன், ஃபோர்மேன் என்று ஏறி, தூக்கும் திட்டத்தையே வரைந்து கொடுக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. அதற்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். கணிதத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேர்க்கும் முன் பயிற்சி நிலையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். மாணவர்களே லோடு கட்டித் தூக்க உண்மையான கிரேன் இருக்கிறதா, கழித்த ஸ்லிங்கைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்களா, கொடுக்கும் சான்றிதழை அவன் வேலைக்குப் போக நினைக்கும் இடத்தில் ஏற்கிறார்களா என்று கேளுங்கள். வகுப்பறைப் பாடம் மட்டும்தான் என்றால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.