ஒரே நிறத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை: கேள்வி பதில்

கையால் பொங்கல் வாழ்த்து அட்டை செய்பவர்கள், ஒரே ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் முறையைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக நீலத்தில் மட்டுமே அட்டை செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்தே பதில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு ஏற்றது மஞ்சள்தானே அம்மா? மஞ்சளில் மட்டும் பானையும் கரும்பும் வரைந்தேன். கை நீட்டும் தூரத்தில் வைத்தால் ஒன்றுமே தெரியவில்லை.

உங்கள் கையில் குறையில்லை, தேர்ந்தெடுத்த நிறத்தில்தான் குறை இருக்கிறது. ஒரே நிறத்தில் வரையும்போது ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது வெளிருக்கும் அடருக்கும் உள்ள தூரம் மட்டுமே. மஞ்சளை டியூபிலிருந்து நேராக எடுத்துத் தீட்டினாலும் அது வெளிர் நிறமாகவே நிற்கும் என்பதால், அந்தத் தூரம் அதில் மிகக் குறைவு. அடர்த்தி வேண்டுமென்று கறுப்பைக் கலந்தால் மஞ்சள் பாசி படிந்த பச்சையாகிவிடும். நான் பயன்படுத்தும் பிரஷ்யன் நீலம் என்ற அடர் நீல வாட்டர் கலர் அப்படியன்று. தண்ணீர் மிகுந்தால் காலை வானம்போலவும், குறைந்தால் ஏறக்குறைய கறுப்பாகவும் வரும்.

வரையத் தொடங்கும் முன் அதே தாளின் துண்டு ஒன்றில் ஏழு கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள், ஏழாவது கட்டம் மிகக் குறைந்த தண்ணீரில் எடுத்த வண்ணம், நடுவில் ஐந்து படிகள். வாட்டர் கலர் காய்ந்தபின் ஒரு படி வெளிறும். ஆகவே ஈரத்தில் கண்டதை நம்பாமல், காய்ந்த கட்டத்தைப் பார்த்தே அளவு எடுங்கள். பிறகு அட்டையில் முதலில் 1, 4, 7 ஆகிய மூன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பானையிலிருந்து பொங்கி வழியும் நுரைக்குத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். பானை நான்காம் படி. கரும்பின் கணுக்களும் பானையின் அடியும் ஏழாம் படி. கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் நுரை தெரிந்தால் படம் தெளிவாக அமைந்துவிட்டது என்று பொருள். மற்றப் படிகளை அதன்பின் சேர்க்கலாம்.

எந்தக் கம்பெனி வண்ணம் வாங்க வேண்டும்?

கம்பெனியைவிட டியூபில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியைப் பாருங்கள். பி.பி.27 (PB27) என்று மட்டும் இருந்தால் அது கலப்பில்லாத பிரஷ்யன் நீலம்.

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது நீரில் கரையும் சாயம். தாளில் ஊறிப் பரவும், வெளிச்சத்தில் மங்கும். ஏழு கட்டம் போட்டுப் பார்த்தால் அடர்ந்த படிகள் அதில் ஒழுங்காகக் கிடைக்காததை நீங்களே காண்பீர்கள்.

நீலம் தீட்டிய பரப்பின்மேல் சுண்ணாம்பு நீரால் கோலம் போட்டேன். இரண்டு நாளில் கோலத்தைச் சுற்றிப் பழுப்பேறிவிட்டது. தாள் கெட்டதா?

தாள் கெடவில்லை, நீலம்தான் கெட்டது. பிரஷ்யன் நீலம் ஓர் இரும்புச் சேர்மம். சுண்ணாம்பின் காரம் பட்டால் அது சிதைந்து பழுப்பாகும். சோடா உப்புக் கரைசலும் இதையே செய்யும். வெள்ளைக் கோலம் வேண்டுமென்றால், வண்ணம் தீட்டும் முன்பே வெள்ளை மெழுகுவர்த்தியின் முனையால் தாளில் கோலத்தை அழுத்தி வரையுங்கள். மேலே நீலத்தை ஓட்டினால் மெழுகு பட்ட இடம் வண்ணத்தை ஏற்காது. புள்ளியும் இழையும் தாளின் வெண்மையிலேயே எழுந்து வரும்.

என்ன பிராண்ட் வாங்கலாம் மேடம்?

மேலே சொல்லிவிட்டேன்: பி.பி.27.

வாழ்த்து வாசகத்தைக் கறுப்புப் பேனாவால் எழுதலாமா? கறுப்பும் வெள்ளையும் நிறங்களே அல்ல என்கிறார்களே.

கூடாது என்பதே என் முடிவு. இதற்குச் சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் அன்பர் எழுதியதையும் சேர்க்கிறேன்: "எங்கள் கணக்கில் ஒரு மை, ஒரு பிளேட் என்றால்தான் சிங்கிள் கலர். நீலத்தோடு கறுப்பு ஓட்டினால் அது இரண்டு கலர், கூலியும் அப்படித்தான்." அவர் சொல்வது சரி. கறுப்பு வந்தவுடன் ஏழாம் படி நீலம் அடர்த்தியின் எல்லையாக இருப்பதை இழந்து, ஐந்தாம் படிபோலத் தளர்ந்து தெரியும். முழுப் படத்தின் அளவும் கலைந்துவிடும்.

அப்படியானால் வெள்ளைத் தாளும் இரண்டாவது நிறம்தானே? வாதம் நிற்கவில்லையே.

நிற்கும். ஒற்றை மையில் அச்சான புகைப்படத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். வெளிர் நீலம் என்று தோன்றும் இடத்தில் அதே அடர் மையின் சிறு புள்ளிகளும், நடுவே தாளும்தான் இருக்கும். வெளிர் படிகள் எல்லாவற்றையும் தருவது தாளே. அது எதிராக நிற்கும் இரண்டாவது நிறம் அன்று, படத்தின் தளம். தளம் இல்லாமல் படம் இல்லை. கறுப்புப் பேனா இல்லாமல் படம் உண்டு. வாசகத்தை ஏழாம் படி நீலத்தைத் தொட்டு மெல்லிய தூரிகையால் எழுதுங்கள்.

"வாழ்த்துகள்" சரியா, "வாழ்த்துக்கள்" சரியா?

இலக்கணம் கற்றவரிடம் கேளுங்கள்.

மடிக்கும் இடத்தில் அட்டை வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது.

தாளில் இழை ஓடும் திசை உண்டு. தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதில் வளையும்போது வளைவின் முதுகு எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதற்கு இணையாக மடிப்பு அமைய வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், ஸ்கேலை ஒட்டி வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் இழுத்து, மேடு உள்ளே போகுமாறு மடியுங்கள். மடிப்பை முடித்துவிட்டு வண்ணம் தீட்டுங்கள்.

எந்த நீலம், எந்த பிராண்ட், முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாம் முறை கேட்கப்படுகிறது. முன் பதில்களைப் படித்துவிட்டு, ஏழு கட்டம் போட்டபின் ஐயம் இருந்தால் எழுதுங்கள்.

தபாலில் அனுப்ப எந்த அளவு தாள் நல்லது?

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் ஒரு முழு ஏ4 ஏறத்தாழ 18.7 கிராம். அதை இரண்டாக மடித்து உறையிலிட்டால் சாதாரணக் கடிதக் கட்டணத்தின் முதல் எடை வரம்பான 20 கிராமைத் தாண்டிவிடும். ஏ4-ஐப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் அட்டை 9.4 கிராம்தான், உறையும் உள்ளே ஒரு கடிதத் தாளும் தாராளமாக அடங்கும். வண்ணம் முழுதும் காய ஒரு இரவு விட்டு, படத்தின்மேல் வெறும் தாள் ஒன்றை வைத்தபின் உறையிலிடுங்கள்.