அம்மாவுக்குத் தெரியாத மொழியைப் பிள்ளை படிக்கும்போது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நானும் என் கணவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை, ஆங்கிலம் தெரியாது. அவளுடைய ஆங்கிலப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் கீழும் பக்கத்து வீட்டுப் பெண் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதித் தருகிறாள். அதைப் பார்த்து நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் மகள் ஆங்கிலத்தில் 'அரும்பு' என்ற தொடக்க நிலையில்தான் இருக்கிறாள் என்று ஆசிரியர் சொன்னது மனதை உறுத்துகிறது. நான் செய்வது சரிதானா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: உங்கள் அக்கறையை வணங்குகிறேன். ஆனால் அந்தத் தமிழ் எழுத்துகளை இன்றே ரப்பரால் அழித்துவிடுங்கள். வெள்ளாட்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் குளிருக்கு அணியும் மேலாடைக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோட்' என்றுதான் வரும். பைக்கும் முதுகுக்கும் 'பேக்' என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். நம் ககரமும் பகரமும் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தாமே ஒலி மாறிக்கொள்ளும். அது தமிழுக்குப் போதும், ஆங்கிலத்துக்குப் போதாது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. என் வகுப்பில் ஒரு சிறுமி பாடத்தைத் தடையில்லாமல் வாசித்துக்கொண்டு போனாள். சந்தேகம் வந்து, கீழே பென்சிலால் எழுதியிருந்த வரியை ஓர் அடிக்கோலால் மறைத்தேன். வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஆறு மாதமாக அவள் கண் ஆங்கில எழுத்துகளின் மேல் பதியவே இல்லை, தமிழைத்தான் வாசித்துவந்திருக்கிறாள். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

உச்சரிப்பைக் காதால்தான் பெற வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்படுகின்றன, உங்கள் கைப்பேசியில் தீக்‌ஷா செயலியை நிறுவி, அந்தக் குறியீட்டைக் காட்டினால் பல பாடங்களுக்கு ஒலியோடு கூடிய காணொலி கிடைக்கும். இருவரும் சேர்ந்து கேளுங்கள். பிறகு புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "இதில் என்ன கதை, எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். தெரியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்போது குழந்தை பாடத்துக்குள் தானாகவே திரும்பிப் போகும். இந்த இடத்தில் உங்களுக்கு ஆங்கிலம் தெரியாமலிருப்பது உண்மையிலேயே உதவியாகிறது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேச முயல வேண்டாம். முதல் மொழியில் வாசிக்கவும் விளங்கிக்கொள்ளவும் பெற்ற திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். என் வகுப்பறை அனுபவமும் அதுவே. தமிழில் நிறையக் கதை கேட்ட பிள்ளைக்கு, ஆங்கிலக் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தெரிகிறது.

'அரும்பு' என்பதைக் குறித்து வருந்தாதீர்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது, இப்போது எந்த இடத்திலிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்காகத்தான். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, "எந்தெந்த எழுத்தின் ஒலி அவளுக்கு இன்னும் வரவில்லை?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பயன்படுத்தக்கூடிய விடை கிடைக்கும்.

கேள்வி: என் பேரன் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இந்த ஆண்டு பிரெஞ்சு தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் எவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. டியூஷனில் சேர்த்துவிடலாம் என்கிறான் என் மகன். எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும். என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: டியூஷனை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் அம்மா. பாடத்தில் உதவ உங்களால் முடியும், அதுவும் தமிழை வைத்தே முடியும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் உண்டு. ஆங்கிலம் மட்டுமே அறிந்த குழந்தை அதைப் புதிதாகப் பழக வேண்டும். உங்கள் பேரனுக்கோ அது வீட்டுப் பழக்கம். ஆனால் பிரான்சில் பிள்ளைகள் சொந்தப் பாட்டியைப் பெரும்பாலும் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். இதைச் சொல்லி அவனோடு பேசிப் பாருங்கள். எங்கே மரியாதை, எங்கே உரிமை என்ற பேச்சு ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமானது.

எண்களும் அப்படித்தான். பிரெஞ்சில் எழுபது என்பது 'அறுபது-பத்து', எண்பது என்பது 'நான்கு இருபதுகள்', தொண்ணூறு என்பது 'நான்கு இருபது-பத்து'. பேரன் இதைக் கேட்டுத் திகைக்கும்போது, நம் தொண்ணூறுக்குள்ளே ஏன் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள்ளே ஏன் ஆயிரம் இருக்கிறது என்று நீங்கள் அவனைத் திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு மொழியும் எண்ணுவதற்குத் தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது என்பது புரிந்தால் பாதி அச்சம் போய்விடும். அவன் உண்மையில் தடுமாறப்போவது பால் பகுப்பில். மேசை அங்கே பெண்பால், புத்தகம் ஆண்பால். உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கும் நமக்கு இதில் பிடிமானம் இல்லை. ஆகவே பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் சிறு சொல்லோடு சேர்த்தே சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.

நாள்தோறும் மாலையில் ஒரே ஒரு சொல்லை அவனிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தவறாகச் சொன்னால் அவன் திருத்துவான். அதற்காகவே சரியான ஒலியை வகுப்பில் கூர்ந்து கேட்டு வருவான்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. உறவினர் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே வேற்று மொழி தொடங்கிவிட்டார்கள். நாங்கள் காலம் கடத்திவிட்டோமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. ஸ்பெயினில் பள்ளியில் ஆங்கிலம் தொடங்கும் வயதை 11இலிருந்து 8ஆகக் குறைத்தபோது, பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில் கார்மென் முன்யோஸ் தலைமையிலான குழு இரு தரப்பினரையும் ஒப்பிட்டது. சம அளவு வகுப்பு நேரத்துக்குப் பிறகு, பிந்தித் தொடங்கியவர்களே முன்னால் நின்றார்கள். அந்த மொழி நாள் முழுவதும் காதில் விழும் சூழலில் வளரும் குழந்தைக்கு இளவயது பெரிய வாய்ப்பு. வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு மட்டும் என்றால் ஓரிரு ஆண்டு முன்பின் ஆவது பொருட்டில்லை. உறவினர் பிள்ளைகளைப் பற்றி அவன் காதுபடப் பேசாமலிருங்கள்.