இறக்குமதி வரி: கேள்வி – பதில்

கேள்வி: இறக்குமதி வரியை உயர்த்தினால் உள்நாட்டுத் தொழில் பிழைக்கும் என்கிறார்கள் சிலர். நஷ்டம்தான் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: வரி எவ்வளவு என்பதைவிட எதன் மேல் என்று பாருங்கள். உலகச் சந்தையில் ஒரு பொருளின் விலை 100, அதில் மூலப்பொருள் 60 என்று வைத்துக்கொள்வோம். கூலி, வட்டி, லாபம் எல்லாம் மீதி 40-க்குள். அந்தப் பொருளுக்கு 20 சதவீத வரி போட்டு, மூலப்பொருளை வரியில்லாமல் விட்டால் உள்நாட்டில் விலை 120 வரை ஏறலாம். ஆலை கையில் 40-க்குப் பதில் 60 நிற்கும். பெயருக்கு 20 சதவீதம், உண்மையில் 50 சதவீதப் பாதுகாப்பு!

இப்போது வரியை மூலப்பொருளுக்கு 20 சதவீதம், தயாரித்த பொருளுக்கு 10 சதவீதம் என்று மாற்றுங்கள். விற்பனை 110, மூலப்பொருள் 72, மிச்சம் 38. வரியே இல்லாதிருந்தால் 40 கிடைத்திருக்கும். இந்தத் தலைகீழ் வரிதான் சிறிய ஆலைகளைச் சத்தமில்லாமல் சாய்க்கிறது.

எஃகில் இதே சிக்கல். 2002 மார்ச்சில் அமெரிக்கா எஃகுக்கு 30 சதவீதம் வரை வரி போட்டது. எஃகை வாங்கி உதிரிபாகம் செய்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உலக வர்த்தக அமைப்பிலும் தீர்ப்பு எதிராக வந்தது. 2003 டிசம்பரில் வரி நீங்கியது.

கேள்வி: புதிய தொழிலுக்காவது பாதுகாப்பு வேண்டாமா?

பதில்: வேண்டும். 1791-லேயே அமெரிக்காவின் முதல் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் இதற்காக வாதாடினார். செய்யச் செய்யத்தான் கை பழகும், செலவு குறையும். அதுவரை தாங்கிப்பிடிக்க ஆள் வேண்டும். ஆனால் கெடு வைத்தால் மட்டும் போதாது. பிரேசில் 1984-ல் சட்டம் போட்டு, கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கு 8 ஆண்டுகள் ஒதுக்கியது. வெளியே போய் விற்றாக வேண்டிய நெருக்கடி இல்லை. விலை அதிகம், தொழில்நுட்பம் பழசு. அந்தச் சுமை கணினி வாங்கிய மற்ற தொழில்கள் தலையில் விழுந்தது. தென் கொரியாவும் வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவடைத்திருந்தது. ஆனால் ஏற்றுமதி செய்பவருக்கே சலுகைக் கடன் என்று நெருக்கியது. அந்நாட்டு ஹூண்டாயின் போனி கார் 1976-லேயே ஈக்வடாருக்குக் கப்பலேறியது. 1986-ல் அந்த நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. எங்கள் பார்வையில் வித்தியாசம் இதில்தான்.

கேள்வி: வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். என்ன வழி?

பதில்: பொருள்குவிப்புத் தடுப்பு வரி கேட்கலாம். விலை மலிவு என்ற ஒரே புகார் நிற்காது. தங்கள் நாட்டில் விற்பதைவிடக் குறைவாக இங்கே விற்கிறார்கள், இங்குள்ள தொழிலுக்குச் சேதம், அந்தச் சேதத்துக்கு இதுவே காரணம் என மூன்றையும் காட்ட வேண்டும். பலர் சறுக்குவது மூன்றாவதில்: பழைய இயந்திரத்தாலோ தேவை குறைந்ததாலோ வந்த நஷ்டத்தை இதோடு சேர்க்க முடியாது. மனுவை ஆதரிக்கும் ஆலைகளிடம் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். விலை வித்தியாசம் 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் வழக்கு முடிந்தது. ஒப்பிடும்போது கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் கழித்து, அவர்கள் நாட்டு விலை, இங்கே விற்கும் விலை இரண்டையும் ஆலை வாசல் விலைக்குக் கொண்டுவாருங்கள். வரி கிடைத்தாலும் 5 ஆண்டுகளுக்குத்தான். நீட்டிக்க மறு ஆய்வு வேண்டும்.