எஃப்.பி.ஐ. தலைமையகம்: கிரீன்பெல்ட் தகராறு

கேள்வி: அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் புதிய தலைமையகத்துக்கு இடம் பார்த்ததில் அப்படி என்னதான் தகராறு?

பதில்: வாஷிங்டனில் எஃப்.பி.ஐ.யின் தலைமையகமாக இருந்துவந்த ஹூவர் கட்டடம் 1975-இல் திறக்கப்பட்டது. அதிலிருந்து பெயர்ந்துவரும் கான்கிரீட் துண்டுகள் தெருவில் விழாமலிருக்க வலை கட்ட வேண்டியிருந்தது. மாற்றாக மேரிலாந்தின் கிரீன்பெல்ட், லேண்டோவர், வர்ஜீனியாவின் ஸ்பிரிங்ஃபீல்ட் மூன்றும் போட்டியிட்டன.

சிக்கல், இடங்களை ஒப்பிட வைத்திருந்த மதிப்பெண் முறையில்தான். 2023 ஜூலையில், இடத்தேர்வை நடத்திய அரசுத் துறையான பொதுச் சேவை நிர்வாகத்தினர், எஃப்.பி.ஐ.யின் பணித்தேவைக்கு ஒதுக்கியிருந்த 35 சதவீதத்தை 25 ஆகக் குறைத்தார்கள். செலவுக்கான 10-ஐ 20 ஆக்கினார்கள். வர்ஜீனியாவிலுள்ள எஃப்.பி.ஐ.யின் குவான்டிகோ பயிற்சி மையத்துக்கு அருகில் இருப்பதே ஸ்பிரிங்ஃபீல்டின் பலம். பணித்தேவையில் சேரும் அந்தப் பலத்தின் எடை இதனால் குறைந்துபோனது. அப்படியும் மதிப்பீடு செய்த மூவர் குழு ஸ்பிரிங்ஃபீல்டையே பரிந்துரைத்தது. இறுதி முடிவெடுத்த அதிகாரியோ கிரீன்பெல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்த நிலம் வாஷிங்டன் மெட்ரோ போக்குவரத்து ஆணையத்துடையது. அந்த அதிகாரி முன்பு அதே ஆணையத்தில் வேலை பார்த்தவர். அப்போதைய எஃப்.பி.ஐ. இயக்குநர் கிறிஸ்டோபர் ரே வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்.

கிரீன்பெல்ட்டில் செலவு குறைவு, பக்கத்திலேயே ரயில் நிலையம் என்ற காரணங்கள் வலுவானவைதாம். ஆனாலும் போட்டியின் நடுவில் அளவுகோலை மாற்றியது பெரிய தவறு. கடைசியில், 2025 ஜூலையில் வாஷிங்டனிலேயே உள்ள ரொனால்ட் ரீகன் கட்டடத்துக்கு மாறுவதாக அறிவித்துவிட்டார்கள்.