பழைய புத்தகத்தில் எதைத் தேடுவது?

கேள்வி: பழைய புத்தகங்களைப் படியுங்கள், பெரியவர்களின் அனுபவத்தைக் கேளுங்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அவர்கள் நம்பியதில் பாதி தவறு என்று இன்று தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பதில்: பாதிக்கு மேலேயே தவறாக இருக்கலாம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒதுக்குவதற்கு முன் எதை ஒதுக்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

4-ஆம் நூற்றாண்டில் சீனாவில் கே ஹொங் என்பவர் அவசர வைத்தியத்துக்கு ஒரு கைப்புத்தகம் எழுதினார். 1969-இல் மலேரியாவுக்கு மருந்து தேடும் பொறுப்பு தூ யூயூ என்ற ஆராய்ச்சியாளரிடம் வந்தது. அவருடைய குழு பழைய மருத்துவக் குறிப்புகளை ஆயிரக்கணக்கில் திரட்டியது. அதில் ஒரு மூலிகை முதலில் நல்ல பலன் தந்தது. மறுபடி செய்து பார்த்தபோது தரவில்லை. வேறொருவர் அந்த மூலிகையைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். தூ யூயூ மறுபடியும் பழைய நூல்களைப் புரட்டினார். அதே மூலிகைக்குக் கே ஹொங் தன் கைப்புத்தகத்தில் சொன்ன செய்முறை சின்னது: ஒரு கைப்பிடி மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும். காய்ச்சச் சொல்லவே இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் அங்கேதான் பிறந்தது. குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாற்றை இறக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு, சோதனை எலிகளின் உடலிலிருந்த மலேரியாக் கிருமிகளை முழுவதுமாக ஒழித்தது. ஆர்ட்டெமிசினின் என்ற மருந்து வந்த வழி இது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதே கே ஹொங், சாதிலிங்கத்தையும் பொன்னையும் பக்குவம் செய்து உண்டால் சாவே வராது என்றும் எழுதியவர். சாதிலிங்கம் பாதரசக் கனிமம். அதை நம்பித் தின்றவன் சீக்கிரம் போய்ச் சேருவான். ஒரே மனிதர்தான். காய்ச்சல்காரனுக்குச் சொன்ன கைப்பக்குவம் 1600 ஆண்டு தாண்டி நிற்கிறது, சாவை வெல்லும் ஆசை நிற்கவில்லை. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், பின்னதைக் காட்டி முன்னதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

சரி, பெரியவர்கள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய், கடலோடிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்த காலம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற ஜோடிதான் சட்டென்று தேறியது. பிரிட்டிஷ் கடற்படை 1795-இல் எலுமிச்சைச் சாற்றை வழக்கமாக்கியது, நோய் அடங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், புளிப்புதான் மருந்து என்று நினைத்து, லைம் என்ற சிறிய பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சத்து குறைவு. அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்து பயணங்கள் சுருங்கியிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 1875-இல் வடதுருவம் நோக்கிப் போன பயணத்தில், அந்தச் சாறு கையில் இருந்தும் ஆட்கள் ஸ்கர்வியில் விழுந்தார்கள். அதன் பிறகு, சாறே வீண், கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று மருத்துவர்கள் பேச ஆரம்பித்தார்கள். லிண்ட் செய்ததுபோல் இரண்டு பழங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது ஒருமுறை சோதித்திருந்தால் போதும். பழக்கம் கைமாறியது, சோதித்துப் பார்க்கும் புத்தி கைமாறவில்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

புத்தகமே இல்லாமலும் அனுபவம் கைமாறும். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும், 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் அலைக்குப் பலியானவர்கள் 7 பேர் என்கிறார்கள். 1907-இல் அலை ஏன் வந்தது என்று அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்காது. என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்பது பிசகாமல் தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள், அறிவுரைதான் வரும். "அன்றைக்கு என்ன நடந்தது? எதைச் செய்து பார்த்தீர்கள்? எது கைகொடுக்கவில்லை?" என்று கேளுங்கள். பழைய புத்தகத்தையும் இதே கேள்விகளோடு திறங்கள். ஆசிரியர் தன் கொள்கையை விளக்கும் பக்கங்களை வேகமாகத் தாண்டலாம். தான் பார்த்ததையும் செய்ததையும் சொல்கிற பக்கத்தில், ஒரு வரி விடாமல் நின்று படியுங்கள்.