ஒரே கோரிக்கை இரண்டு முறை, குழுவில் ஒரு குரலும் இல்லை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஸ்லாக் என்ற உரையாடல் செயலியைப் பயன்படுத்துகிறோம். செலவுக்கு ஒப்புதல் கேட்க நானே ஒரு செருகுநிரல் எழுதினேன். அதன் பெயரைக் குறிப்பிட்டுத் தொகையை எழுதினால் மேலாளருக்குக் கோரிக்கை போகும். ஆனால் சில நாள்களில் ஒரே கோரிக்கை இரண்டு, மூன்று முறை போய்விடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற நிரலாளர்களும் இதில் தங்கள் வசதிகளைச் சேர்க்கட்டும் என்று மூல நிரலை வெளியிட்டு, ஒரு குழுவும் தொடங்கினேன். அறுபது பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. போட்டி அறிவித்துப் பரிசு கொடுக்கலாமா?

பதில்: பரிசைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கை இரட்டிப்பதுதான் அவசரமான விஷயம்.

உங்கள் நிரலின் வரிசை எனக்கு ஓரளவு புரிகிறது. ஸ்லாக்கிலிருந்து நிகழ்வு, அதாவது யாரோ செருகுநிரலின் பெயரைக் குறிப்பிட்டார் என்ற அறிவிப்பு, வருகிறது. நீங்கள் தரவுத்தளத்தில் தேடுகிறீர்கள், கணக்கு மென்பொருளைக் கேட்கிறீர்கள், மேலாளருக்குச் செய்தி அனுப்புகிறீர்கள், எல்லாம் முடிந்த பிறகு ஸ்லாக்குக்குப் பதில் சொல்கிறீர்கள். ஸ்லாக் அவ்வளவு நேரம் பொறுக்காது. 3 நொடிக்குள் பதில் வராவிட்டால் நிகழ்வு உங்களை வந்து சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். உடனடியாக ஒரு முறை, ஏறக்குறைய 1 நிமிடம் கழித்து ஒரு முறை, 5 நிமிடம் கழித்து ஒரு முறை என மூன்று தடவை முயலும். கணக்கு மென்பொருள் மந்தமாக இருக்கும் நாள்களில் மட்டும் கோரிக்கை இரட்டிப்பது இதனால்தான். பதிவுகளைத் திறந்து பாருங்கள்; வரும் கோரிக்கையின் தலைப்புப் பகுதியிலேயே அது எத்தனையாவது மறுமுயற்சி என்ற எண் இருக்கும்.

அந்த எண் இருந்தாலே கோரிக்கையைத் தூக்கி எறிந்துவிடு என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் முயற்சியின்போது உங்கள் சர்வரே விழுந்து கிடந்திருந்தால், அந்த மறுமுயற்சி ஒன்றுதான் கோரிக்கையைக் காப்பாற்றும். நிகழ்வு வந்ததும், அது ஸ்லாக் அனுப்பியதுதானா என்று கையொப்பத்தைச் சரிபார்த்து, அதை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, உடனே 200 (‘கிடைத்தது’ என்பதற்கான குறியீடு) என்று பதில் அனுப்புங்கள். உண்மையான வேலையைப் பின்னணியில் ஓடும் வேறொரு நிரல் செய்யட்டும். அதோடு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஸ்லாக் தரும் அடையாள எண்ணைச் சேமித்து, ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். நீங்கள் சட்டென்று அனுப்பிய பதிலே வழியில் தொலைந்துபோவதும் உண்டு. திருத்திய பிறகு, பின்னணி நிரலில் வேண்டுமென்றே 10 நொடி தாமதத்தை வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்; அப்போதும் கோரிக்கை இரட்டிக்கக் கூடாது.

ஒப்புதல் பொத்தானை மேலாளர் பொறுமையிழந்து இரண்டு முறை அழுத்துவார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். முடிவு செய்யப்பட்ட கோரிக்கையின் மேல் இரண்டாவது அழுத்தம் எதையும் மாற்றக் கூடாது.

இனி அந்த அறுபது பேர். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்பவில்லை; ஆர்வம் இல்லாதவர் சேர்ந்தே இருக்க மாட்டார். அவர்களில் சிலராவது ஒரு மாலையை ஒதுக்கி முயன்று பார்த்து, நடுவழியில் கைவிட்டிருப்பார்கள். இதுவரை உங்கள் நிரலைத் தொடாத ஒரு கணினியை எடுத்து, நீங்கள் எழுதிய வழிகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நிறுவிப் பாருங்கள். அரை மணி நேரம் தாண்டினால் குழுவின் மௌனத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புதியவர் ஸ்லாக்கில் செயலியைப் பதிவு செய்ய வேண்டும், அனுமதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி ஒன்றும் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு தொல்லைகளுக்கும், செயலியின் அமைப்புகளையும் அனுமதிகளையும் எழுதிவைக்கும் ஸ்லாக்கின் மேனிஃபெஸ்ட் கோப்பு போதும். நிரலோடு சேர்த்து வைத்துவிட்டால் நகலெடுத்து ஒட்டியதுமே செயலி தயாராகிவிடும். மூன்றாவதற்கு, நிரலே ஸ்லாக்கோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் சாக்கெட் மோட் இருக்கிறது. சோதனைக்குப் பொது முகவரியே வேண்டாம்.

அடுத்தது, வந்தவர் எங்கே கை வைப்பது? மூல நிரலை வெளியிட்டதாலேயே வாசல் திறந்துவிடாது. சுவரைக் காட்டி ‘எங்கு வேண்டுமானாலும் இடித்து உள்ளே வாருங்கள்’ என்பதுபோல் ஆகிவிடும். மற்றவர்கள் தங்கள் நிரலை இணைக்க மூன்று வாசல்கள் போதும் என்று நினைக்கிறேன்: கோரிக்கை பதிவாகும் முன், ஒப்புதல் தருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது, முடிவு வந்த பின். ஒவ்வொன்றுக்கும் பத்து வரியில் ஓடக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு வையுங்கள். வாசல் குறைவாக இருப்பது கஞ்சத்தனம் அல்ல. ஃபயர்ஃபாக்ஸின் பழைய நீட்சிகளால் உலாவியின் உட்புறத்தில் எதையும் தொட முடிந்தது. அதனாலேயே உலாவிக்குள் எதை மாற்றினாலும் யாருடைய நீட்சியாவது உடைந்தது. கடைசியில், 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு அந்தப் பழைய முறையையே கைவிட்டது. பல ஆண்டு உழைப்பை நிரலாளர்கள் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சிலர் எழுதாமலேயே போய்விட்டார்கள். வாசலைப் பின்னால் கூட்டலாம். திறந்ததை மூடினால் மனக்கசப்புதான் மிஞ்சும். (நான் ஒருமுறை ஒரு தரவுப் புலத்தின் பெயரை ‘அழகாக’ மாற்றினேன். யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை அஞ்சல் பெட்டியைத் திறக்கவே பயமாக இருந்தது.)

பரிசுக்கு வருகிறேன். திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-சர்ட் என்று ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு ஆண்டுதோறும் அக்டோபரில் நடந்துவந்தது. 2020இல் வெறும் சொல் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதையும் திருத்தமாக அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே இனிச் சேரும் என்று மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அறுபது பேர் குழுவில் அவ்வளவு பெரிய வெள்ளம் வராது. ஆனால் வருபவர் டி-சர்ட்டுக்காக வருவார்.

அதற்குப் பதில், அறுபதில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள். பொது அறிவிப்பு வேண்டாம். அதைப் படிப்பவர் அடுத்தவர் பதில் சொல்வார் என்று நினைத்துக்கொள்வார். உங்கள் கண்ணெதிரே, திரையைப் பகிர்ந்தபடி, செருகுநிரலை நிறுவிக் காட்ட இருபது நிமிடம் கேளுங்கள். அந்த இருபது நிமிடமும் உதவி செய்யாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். எங்கே தயங்குகிறார், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே அந்த வரியைத் திருத்தி, திருத்தியதை அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன வேலைகள் சிலவற்றைச் செய்யாமல் அவர்களுக்காக விட்டுவையுங்கள். எனக்கே இதில் கை அரிக்கும்.

அவர்களில் ஒருவர் அனுப்பும் முதல் திருத்தம் சுமாராகத்தான் இருக்கும். பெயரிடும் முறை சரியில்லை, இடைவெளி சரியில்லை என்று பன்னிரண்டு குறிப்புகள் எழுதி அனுப்பாதீர்கள். வேலை செய்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளிகளை மறுநாள் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.