தேய்மானமா, வேறு அச்சா? ஆர்கேட் டோக்கன்களின் நுண்வகைகளைப் பிரித்தறிதல்

கேள்வி: என்னிடம் ஒரே விளையாட்டுக் கூடத்தின், எந்திரத்தில் காசுக்குப் பதிலாகப் போடும் ஐந்து பித்தளை டோக்கன்கள் இருக்கின்றன. படமும் வாசகமும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் இரண்டில் எழுத்துகள் தடித்தும் விளிம்பை ஒட்டியும் தெரிகின்றன. மற்றொன்றில் பின்புறம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இவற்றைத் தனி வகைகளாகக் கொள்ளலாமா?

பதில்: எழுத்தின் தடிமனை முதல் சான்றாகக் கொள்ள வேண்டாம். டோக்கனில் மேலெழுந்து நிற்கும் எழுத்தின் பக்கச் சுவர்கள் சற்றுச் சரிவானவை. ஆதலால் உச்சி தேயத் தேய எழுத்து அகலமாகத் தோன்றும். எந்திரங்களுக்குள் ஆயிரக்கணக்கான முறை உருண்டு விழுந்த டோக்கனில் இது இயல்பு. ஆனால் எவ்வளவு தேய்ந்தாலும் ஓர் எழுத்து தன் இடத்தை விட்டு நகராது. அது எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது, படத்தையும் எழுத்தையும் உலோகத்தில் பதிக்கும் எஃகு அச்சு. எனவே தடிமனைக் காட்டிலும் இடத்தை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

அதற்கு ஓர் எழுத்தின் நேர்க்கோட்டைப் படத்தை நோக்கி மனத்தால் நீட்டிப் பாருங்கள். ஒரு டோக்கனில் அந்தக் கோடு உருவத்தின் மூக்கு நுனியையும் இன்னொன்றில் கண்ணையும் தொட்டால், அவை இரண்டும் வெவ்வேறு அச்சுகளிலிருந்து வந்தவை. இப்படி மூன்று நான்கு இடங்களில் சோதிப்பது நல்லது. கைபேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் இந்த அளவுகளைத் திரித்துவிடும் என்பதால், தட்டை ஸ்கேனரில் ஒரே அளவில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள்.

விளிம்பை ஒட்டிய எழுத்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு பக்கம் எழுத்து விளிம்பை நெருங்கி, நேர் எதிர்ப் பக்கம் அதே அளவுக்கு விலகியிருந்தால், அது மையம் தவறி அடிக்கப்பட்ட பிரதியே தவிர புதிய வகை அன்று. சுற்றிலும் சீராக நெருங்கியிருந்தால், முதலில் விட்டத்தை அளந்து, அச்சு அடிக்கப்பட்ட வட்டத் தகடே சிறியதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் வேறு அச்சு என்று கருதலாம்.

தலைகீழான பின்புறத்தைப் பற்றி நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். முன்பின் அச்சுகளை 180 பாகை திருப்பிப் பொருத்துவது நாணய முறை. இரண்டையும் ஒரே திசையில் நிறுத்துவது பதக்க முறை. டோக்கன் அச்சகங்களில் இந்த ஒழுங்கு அரசு நாணயச் சாலைகளில் உள்ள அளவுக்குக் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆகவே திசை மாற்றத்தைக் குறித்து வைக்கலாம். வேறு வேறுபாடு எதுவும் இல்லாதபோது அதற்குத் தனி வகை எண் தர வேண்டியதில்லை. நாற்பது ஐம்பது பாகை போன்ற இடைப்பட்ட திருப்பம் என்றால், அச்சு தளர்ந்து சுழன்றதால் நேர்ந்த பிழை என்றே கொள்ளுங்கள்.

பின்புறத்தை வேறொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். கழுகுப் படமோ, பண மதிப்பு கிடையாது என்ற அறிவிப்போ கொண்ட பொதுப் பின்புற அச்சுகளை அச்சகங்கள் ஆயத்தமாக வைத்திருந்து, பல கூடங்களின் முகப்பு அச்சுகளோடு இணைத்தன. ஒரே முகப்புக்கு இரண்டு பின்புறங்கள் அமைந்தது இப்படித்தான். எனவே பிற கூடங்களின் டோக்கன்களையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் பின்புறத்தின் மரபு தெரியவரும். வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் இணை நிறுவனர் நோலன் புஷ்னெல் 1977இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேவில் தொடங்கிய, உணவும் விளையாட்டும் சேர்ந்த சக் இ. சீஸ் போன்ற சங்கிலி நிறுவனங்களுக்குப் பல அச்சகங்கள் டோக்கன் அடித்துக் கொடுத்தன. சக் இ. சீஸின் சின்னமான எலி உருவத்தில் நுண்வகைகள் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

உலோகமும் அளவும் விரைவில் முடியும் சோதனைகள். காந்தத்தில் ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய எஃகு. அது ஐயமின்றித் தனி வகை. விளிம்பில் வரிகள் உண்டா, மழமழப்பா என்று பாருங்கள். தேய்ந்த வரிகளும் எங்காவது தடம் விட்டிருக்கும். விட்டத்தையும் கனத்தையும் காலிப்பரால் அளவிடுங்கள். அமெரிக்கக் கால் டாலர் 24.26 மி.மீ., பரவலாக வழங்கிய ஒரு டோக்கன் அளவு 25 மி.மீ.; கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் காசு வாங்கும் பொறிக்கு அவை வேறு. எடையில் ஒரு கிராமின் நூற்றில் சில பங்கு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

லென்ஸில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். மேடாக இருந்தால் அது அச்சில் விழுந்த விரிசலின் பதிவு. பள்ளமாக இருந்தால் வெறும் கீறல். விரிசலும் அச்சின் வயதைத்தான் காட்டுகிறதே ஒழிய வகையை அன்று.

உங்கள் ஐந்தில், தடித்த எழுத்துள்ள இரண்டையும் கோட்டுச் சோதனைக்கு உட்படுத்துங்கள். அவை தம்முள் ஒத்து, மற்ற மூன்றிலிருந்து ஒரே விதமாக மாறுபட்டால், தயங்காமல் தனி வகையாக எழுதலாம். தலைகீழானதை இப்போதைக்கு அதன் இணைகளோடு வைத்து, உறையின் மேல் திருப்பத்தின் பாகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாகப் பார்ப்பதற்காக எதையும் மெருகுப் பசையிட்டுத் துலக்கிவிட வேண்டாம். ஒப்பிடத் தேவையான நுண்கோடுகள்தான் முதலில் அழியும்.